மேல் கதவு

விடியற்காலையில் உயிர் போன கணவரின் இடது கட்டைவிரலடியில் அந்த மேடு இல்லை. மனைவி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி தடவிப் பார்த்தாள். கை சில்லிட்டிருந்தது. அரிசிமணி போலத் தோலுக்கடியில் உருளும் சிப் மட்டும் அகப்படவில்லை.

அவர் ஆற்றுமீன்களை ஆராய்ந்தவர். மீனுக்கு மீன் சிப் ஏற்றி, எண் கொடுத்து, எது எங்கே போகிறது என்று காலமெல்லாம் பின்னாலேயே அலைந்தவர். ஒருநாள் மீன் துள்ளியதில் சிப் ஏற்றும் ஊசி அவர் கையில் ஏறிவிட்டது. "கிடக்கட்டும், நானும் ஒரு மீனா இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தார். அதன்பிறகு வாசலோர ஆணியில் சிப்பைக் கண்டால் கீச்சிடும் கருவி ஒன்று தொங்கியது. அவர் வீடு திரும்பும்போது அதைக் கையருகே காட்டுவாள். கீச்சிட்டால்தான் உள்ளே அனுமதி. "வாங்க மீனே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" ஆறெல்லாம் கொண்டாடிய மனிதருக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

"அக்கா..." அவருடைய உதவியாளர் வாசலில் நின்றார். கையிலிருந்த போன் கீச்சிட்டது. "சாரோட நம்பர் வருது. அணையில, மீன் ஏறுற படியில வச்ச மெஷின்லேருந்து."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். சார் போனதுலேருந்து வந்து வந்து திரும்புது. கீழ்ப்படியில காட்டுது, மேல காட்டல. மேல் கதவு மூடியிருக்குல்ல?"

நேற்று அவர் கடைசியாகப் பேசியதும் அந்தக் கதவைப் பற்றித்தான். "திறக்கச் சொல்லு. வயித்துல முட்டையோட நிக்குதுங்க." "மொதல்ல மருந்தக் குடிங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். முட்டையிட மீன்கள் மேலே போகும் பருவம் முடியப் போகிறது. தண்ணீர் வீணாகும் என்று அணைப் பொறியாளர் கதவை மூடியே வைத்திருந்தார்.

அந்தப் பொறியாளரே மலர்வளையத்தோடு வந்தார். "என்ன உதவின்னாலும் கூச்சப்படாம கேளுங்கம்மா."

"மேல் கதவத் திறங்க."

"இப்பவா? மேலிடத்துல கேக்கணுமே..."

"கேளுங்க. அதுவரைக்கும் இவரை எடுக்க விடமாட்டேன்."

"துக்கத்துல புத்தி பேதலிச்சுடுச்சு" என்று நாத்தனார் முனகினாள். போன் கீச்சிட்டது. சற்று விட்டு மறுபடியும். "சாரோட நம்பர்தான்" என்று உதவியாளர் அதை நீட்டினார். பொறியாளர் அந்தத் திரையைப் பார்த்தார், பாயில் கிடந்த கையைப் பார்த்தார். முற்றத்துக்குப் போய், யாரையும் கேட்காமல், "திறந்து விடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்று போனில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் உதவியாளரின் போன் ஓயாமல் கீச்சிட ஆரம்பித்தது. "மேல ஏறுதுக்கா! ஒண்ணு பின்னால ஒண்ணா..."

"அவரு?"

உதவியாளர் உதட்டைப் பிதுக்கினார்.

சொன்ன சொல் தவறாமல் அவள் எழுந்து ஒதுங்கினாள். தூக்கினார்கள். வாசல் தாண்டும்போது பழக்கதோஷத்தில் ஆணியிலிருந்த கருவியை எடுத்து அந்தக் கையருகே நீட்டினாள். சத்தமே இல்லை. அவள் கை இறங்கவில்லை. தூக்கியவர்கள் பாரத்தோடு காத்து நின்றார்கள்.

பின்னால், ஓய்ந்திருந்த போன் ஒரே ஒருமுறை கீச்சிட்டது.

"மேல" என்றார் உதவியாளர், மெல்ல.

அவள் கருவியை அணைத்து ஆணியில் மாட்டிவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டாள்.