படத்தில் சாகாத பெண்டாட்டி

"கொன்னானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க பாய்!"

"கத்தாத லா தங்கச்சி! படத்துல கொல்லல!"

"நான் படத்தக் கேக்கல. கதையில?"

ரேஸ் கோர்ஸ் ரோட்டுத் தகரக் கொட்டகையின் சீட்டு ஜன்னலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இந்தச் சண்டை. வெளியே நின்றவள் லீலா, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சேதுபதியின் மனைவி. உள்ளே இருந்தவர் ஜலாலுதீன் பாய். இங்கிலீஷ் படம் ஓடும்போதெல்லாம், ரீல் மாற்றுகிற நேரத்தில் திரைக்கு முன்னால் நின்று மைக்கில் தமிழில் கதை சொல்கிறவர் அவர்தான். அவர் கதைக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தியதில்லை.

அந்த மாதம் கிரேக்க நாட்டுப் பயில்வான் படம். எர்குலிஸ் சிங்கத்தின் வாயைக் கிழிக்கிறான், தூணைப் பிடுங்குகிறான், கடைசியில் பெண்டாட்டி பக்கத்தில் நிற்க, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரிக்கிறான். சுபம். 'குடும்பத்தோடு காணவேண்டிய படம்' என்று வாசல் தட்டியில் எழுதியிருந்தது. லீலா குடியிருந்த பஃபலோ ரோடு முழுக்கக் குடும்பத்தோடு கண்டது. கண்டதோடு நின்றதா? ஒரே ஆளாக இரண்டு அரிசி மூட்டை சுமக்கும் சேதுபதிக்கு எர்குலிஸ் என்று பெயரும் வைத்தது. அவனும் மார்பைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

கள்ளுக்கடைக்குப் போய்வந்த பிறகு எர்குலிஸ் வீட்டில் தூக்குவது வேறு: லீலாவின் முடி. போன வாரம் மூத்த மகளின் கையைப் பிடித்து முறுக்கியதில் எலும்பு முறிந்தது. பலகைச் சுவர் வழியாக அந்தச் சத்தம் வரிசை வீடு அத்தனைக்கும் கேட்டது. விடிந்ததும் அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "வெறி வந்துடுச்சு. நான் என்ன செய்ய?" அந்த வெறிக்கு வழி நன்றாகத் தெரியும். முதலாளி வீட்டுக்கு ஒருநாளும் போனதில்லை.

கிளறிவிட்டது பக்கத்து வீட்டு சரஸ்வதி டீச்சர். இங்கிலீஷ் புத்தகம் படித்தவள். கைக்கட்டோடு இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, "உன் புருஷனுக்குப் பொருத்தமாத்தான் பேரு வச்சிருக்காங்க லீலா. உண்மைக் கதையில அவன் பெண்டாட்டி பிள்ளைங்களக் கொன்னுடுறான்" என்று முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். ஆனால் டீச்சர் சொன்னால் தெரு நம்பாது. மைக்கில் பாய் சொன்னால் நம்பும். அதற்குத்தான் லீலா ஜன்னலைப் பிடித்து நின்றாள்.

பாய் கடைசியில் ஒத்துக்கொண்டார். "கொன்னான்மா. ஆனா ஒரு தேவதை அவனுக்கு வெறிய ஏத்திவிட்டுச்சு. அவன் குத்தமில்ல."

"அங்கயும் வெறிதானா?" லீலாவின் குரல் இறங்கிவிட்டது. "அத இன்னிக்கு மைக்ல சொல்லுங்க பாய். அவரு முன் பெஞ்சில இருக்காரு. தெருவே இருக்கு. அடுத்துச் சாகப்போறது என் பிள்ளைங்கதான்னு இவங்களுக்குத் தெரியட்டும்."

"புள்ளகுட்டிங்க வர்ற மேட்னிம்மா இது! பொண்டாட்டியக் கொல்ற கதைக்கு யாரு சீட்டு வாங்குவா? வெள்ளக்காரனே மாத்தித்தான் எடுத்திருக்கான். நான் ஒருத்தன் திருத்தவா?"

ரீல் மாற விளக்குப் போட்டார்கள். பாய் மைக்கைத் தட்டி, "நம்ம பஃபலோ ரோட்டு எர்குலிஸும் வந்திருக்காரு, கை தட்டுங்க!" என்றார். தகரம் அதிர்ந்தது. சேதுபதி எழுந்து புஜத்தைக் காட்டினான். அந்தக் கைதட்டலுக்குள்ளேயே லீலா மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"இந்தப் படம் பொய். எர்குலிஸ் பிள்ளைங்கள அம்பால அடிச்சான். பெண்டாட்டியையும் கொன்னான். தெளிஞ்சப்புறம் வெறி வந்துடுச்சுன்னு அழுதான். எங்க வீட்டு எர்குலிஸ் இதுவரைக்கும் கைய மட்டும்தான் ஒடிச்சிருக்காரு."

தட்டிய கைகள் அப்படியே நின்றன.

சேதுபதி பாய்ந்த வேகத்தில் முதல் குத்து பாயின் வாயில் விழுந்தது. குறுக்கே நின்றது அவர் குற்றம். பல் தெறித்தது. அடுத்து லீலாவின் முடியைச் சுருட்டிப் பிடித்து மேடை விளிம்பில் மோதினான். மண்டை பிளந்த சத்தம் மைக் வழியாகக் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பலகைச் சுவர் வழியாக இத்தனை நாள் கேட்டது, ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் தெருவுக்கு உறைத்தது. மூத்த பிள்ளை கைக்கட்டோடு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கினான். படத்தில் வருகிற மாதிரியேதான், சிரிப்பு மட்டும் இல்லை.

"எறக்குடா பிள்ளைய!"

முதல் கட்டைச் செருப்பு, இட்லி விற்கும் பூவம்மாவுடையது. நேராக அவன் மூக்கில் விழுந்தது. கை தளர்ந்தபோது நழுவிய பிள்ளையை, வாயெல்லாம் ரத்தமாகப் பாய் ஏந்திக்கொண்டார். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து கட்டைச் செருப்பு மழை. செருப்பு தீர்ந்ததும் பெஞ்சு. அவன் முட்டி உடைந்தது, தாடை விலகியது, திரையைப் பிடித்துக்கொண்டு விழுந்ததில் அதுவும் கிழிந்தது. மாத்தாக்காரர்கள், அதாவது போலீஸ், வந்து விலங்கு மாட்டியபோது, அவன் வழக்கம்போல, "வெறி வந்துடுச்சு" என்றான்.

"எங்களுக்குந்தான் லா," என்றாள் பூவம்மா, ஒற்றைச் செருப்போடு.

அப்புறம் கொட்டகைக்காரர் பாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பாய் முன்பல் இல்லாமலேயே ஆயிஷா என்றொரு பெண்ணைக் கல்யாணம் கட்டிக்கொண்டு மலாக்காவுக்குப் போனார். சரஸ்வதி டீச்சர் கட்டியது ஒரு கிளார்க்கை. குடை விரிக்கவே மூச்சு வாங்கும் மனிதர். பொறுக்கித்தான் எடுத்தாள் என்று பேச்சு. லீலா தலையில் தையலோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காத்தோங்கில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனாள். ஜெயிலிலிருந்து வந்த சேதுபதி அவள் விலாசம் கேட்டான். வாய் ஓயாத பஃபலோ ரோட்டுக்கு அன்றைக்கு ஒரேயடியாக மறதி. ஒருத்தர் சாங்கி என்றார், ஒருத்தி ஜூரோங் என்றாள்.

அவன் இப்போது ஜொகூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டிருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு எந்தக் கதை தெரியும், படத்துக் கதையா உண்மைக் கதையா என்று, ஜொகூர் போய்வருகிறவர்களிடமெல்லாம் பூவம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.