சாட்சியின் விலாசம்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, தார்ப்பாய் கட்டிய நிழலில் டைப்பக்கா பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் யாருக்கும் பொழுதில்லை. கண் பழைய பத்திரத்தில், விரல் கம்ப்யூட்டரில், மனசு வேறெங்கோ. யாருடைய மாடி, யாருடைய தோட்டம் என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் வயிறுதான் எரியும், வேலை ஓடாது.

காலையில் தரகர் கொண்டுவந்து போட்ட கிரயப் பத்திரம் அது. வடக்கே பொதுச் சந்து, கிழக்கே மரக்கடைக் காலி இடம் என்று விரல்கள் அவை பாட்டுக்கு ஓடின. கதவு எண் வந்ததும் நின்றுவிட்டன. அது அவள் வீட்டு எண்.

அவள் வீடு என்றால் அவள் வாடகைக்கு இருக்கும் வீடு. கல்யாணமான கையோடு வந்து ஏறியது. அடுப்படியில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, புருஷன் கிழக்குச் சுவரை இடித்து, பழைய சாமான் கடையில் வாங்கிய ஜன்னல் ஒன்றைப் பொருத்தினான். மழைக்காலத்தில் அதன் ஒரு கதவு உப்பிக்கொண்டு மூடாது. ஆனாலும் காலை வெயில் நேராக அடுப்பு மேடையில் வந்து விழும்போது, உலகத்திலேயே தன் அடுப்படிதான் அழகு என்று அவளுக்குத் தோன்றும்.

"வித்தா உன்கிட்ட சொல்லாம விக்க மாட்டேன்டி" என்று அந்த அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் டைப்பக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், வாங்குபவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. யாரோ வருகிற சத்தம் கேட்டதும் வெட்கப்பட்டு அழித்துவிட்டாள்.

இப்போது அந்த இடத்தில் ஒரு கிடங்குக்காரர் பெயர். அவள் புருஷனுக்கு போன் போட்டாள். ராத்திரி காவல் வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து பேசினான்.

"வீட்டை வித்துட்டாங்க. நான்தான் பத்திரம் அடிச்சிக்கிட்டிருக்கேன்."

அவன் அடுப்படிப் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது.

"ஜன்னலையுமா?" என்றான்.

"கதவு, ஜன்னல், நிலை எல்லாம் உட்படன்னுதான் போட்டிருக்கு."

போனை வைத்துவிட்டு மீதியை அடித்தாள். எல்லாப் பத்திரத்திலும் வழக்கமாக வரும் வரி ஒன்று கடைசியில் தானாக வந்து நின்றது. 'மேற்படி வீட்டில் குடித்தனக்காரர் எவரும் இல்லை.' அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அதை மட்டும் அழித்தாள். அதனால் என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் தன் கையாலேயே தன்னை இல்லை என்று எழுத மனசு வரவில்லை.

மத்தியானம் அந்த அம்மாவின் மகன் வெளியூரிலிருந்து வந்து இறங்கினான். அவளைக் கண்டதும் திருட்டு முழி முழித்தான்.

"நீங்க இங்கதான் இருக்கீங்களாக்கா? டைப் வேலைன்னு அம்மா சொல்லுவாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி. அவர் தர்றதை நானும் தந்திருப்பேன். கொஞ்சம் தவணை மட்டும்தான் கேட்டிருப்பேன்."

"அம்மா ஆயிரம் சொல்லியிருப்பாங்க. எனக்கு மொத்தமா வேணும்க்கா. அட்வான்ஸும் வாங்கிட்டேன்."

"அந்த அடுப்படி ஜன்னல்..."

"அவர் எப்படியும் எல்லாத்தையும் இடிக்கத்தான் போறாரு. வேணும்னா கழட்டிட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பெரிய மனசுதான். அவள் பத்திரத்தை அச்சுக்குக் கொடுத்தாள்.

அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் பத்திர எழுத்தர் வழக்கப்படி இரு தரப்பையும் நிற்க வைத்து வாசித்துக் காட்டினார். கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு வாசிப்பதுதான் அவர் பெருமை. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். காகிதத்தில் இல்லாத வரியையும் தங்குதடையின்றிச் சொல்லிவிட்டுப் போனார்: "மேற்படி வீட்டில் குடித்தனக்காரர் எவரும் இல்லை." கிடங்குக்காரர் தலையாட்டினார். மகன் எங்கோ பார்த்தான். டைப்பக்காவுக்கு ஒரு நிமிஷம் சிரிப்புக்கூட வந்தது.

வர வேண்டிய இரண்டாவது சாட்சி வரவில்லை. உள்ளே இவர்கள் முறை கூப்பிட்டார்கள்.

"நீயே போட்டுடும்மா, வழக்கமா போடறதுதானே" என்றார் எழுத்தர்.

ஆள் கிடைக்காத பத்திரங்களுக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். பழகிய கை. பெயர், புருஷன் பெயர், விலாசம் என்று மளமளவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். எழுத்தரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"விக்கிற வீடும் சாட்சி விலாசமும் ஒண்ணா இருக்கேன்னு கேட்கிறாங்க. அந்த வரியையும் காணோமாம். என்னம்மா இது?"

கிடங்குக்காரர் மகன் பக்கம் திரும்பினார். "ஆள் இருக்குதா வீட்டுல? காலி வீடுன்னுதானே சொன்னீங்க."

"இருக்காங்க. போயிடுவாங்க. எப்பவோ சொல்லியாச்சு" என்றான் மகன்.

"யார்கிட்ட சொன்னே?" என்றாள் டைப்பக்கா.

அவன் பையில் எதையோ தேடினான். எழுத்தர் குரலைத் தணித்து அவள் பக்கம் குனிந்தார்.

"இத்தனை வருஷத்துல என் பத்திரம் ஒண்ணு திரும்பி வந்ததில்ல. உன் கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா இன்னிக்கு இது பதிவாகலைன்னா, நாளையிலேர்ந்து இந்த மேஜைக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும். கடைசிப் பக்கத்தை மாத்திக் குடு."

வீடு போனது போனதுதான். வேலையும் போனால் அடுத்த வீட்டுக்கு யார் வாடகை கொடுப்பது? அவள் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். அழித்த இடத்தில் அந்த வரியை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே அடித்தாள். பிழை இல்லை. அச்சில் வந்த காகிதம் சூடாக இருந்தது.

முதல் சாட்சி கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். அவள் தன் பெயரை எழுதினாள். புருஷன் பெயரை எழுதினாள்.

"விலாசம் வேற ஏதாவது போடும்மா" என்றார் எழுத்தர்.

பேனா அங்கேயே நின்றது. அவள் பிறந்த வீடு எப்போதோ உடன்பிறந்த தம்பி வீடாகிவிட்டது. வேறு எந்த வாசலையும் அவளுக்குத் தெரியாது. கிடங்குக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

டைப்பக்கா குனிந்து எழுதினாள்: 'பதிவு அலுவலகம் எதிரில், தார்ப்பாய்க்குக் கீழே.'

எழுத்தர் மையின் மேல் ஊதிக் காயவைத்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.