தள்ளுபடி... படி... படி...

அடையாறில் ஓர் ஓட்டல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜாம் செஷன் நடக்கும். காலேஜ் பிள்ளைகள் வீட்டில் மேட்னி ஷோ என்று சொல்லிவிட்டு வந்து ஆடுவார்கள், விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அங்கே பாட்டுப் போடும் டிஜேவாக வேண்டும் என்பதுதான் ஜவஹரின் ஆசை. அதை நடத்திய ராகேஷ் அவனோடு காலேஜில் படித்தவன்தான். ஆனால் ஜவஹர் கொடுத்த கேசட்டில் அரைப் பாட்டுக்கு மேல் அவனுக்குப் பொறுமை இல்லை.

"இன்னா மச்சி இது, நடந்து போற ஸ்பீடுல கீது? நடுவுல பாடறவன் வேற காணாப் பூடறான். இதுக்கு யாரு ஆடுவா?"

"இது டப் மச்சி. ஜமைக்காவோட ரெகே பாட்டை எடுத்து, குரலைக் கழிச்சு, டிரம்மையும் பேஸையும் முன்னாடி விட்டு, எக்கோ போட்டு..."

"எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சத்தை என்கிட்ட கொண்டாந்தியாக்கும்! போய் வேற ஏதாச்சும் எடுத்துனு வா."

ராகேஷைக் குறை சொல்லவும் முடியாது. 1994-இல் சென்னையில் டப் என்று சொன்னால் தெருவுக்கு ஒருத்தருக்குக்கூடத் தெரியாது. ஜவஹருக்கே அது தூத்துக்குடியிலிருந்து வந்ததுதான். அவனுடைய பெரியம்மா மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், ஜமைக்கா பக்கம் போய்விட்டு ஒரு பை நிறைய கேசட் கொண்டுவந்து கொடுத்தான். கேட்ட அன்றைக்கே பையன் காலி! ரெண்டு கேசட் டெக், ஒரு மிக்ஸர், திருவல்லிக்கேணி மைக் செட்காரர் ஒருவர் ஓரங்கட்டி வைத்திருந்த எக்கோ பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். கேட்டதெல்லாம் அந்த மூட்டைகள்தான். தனக்குத் தானே பாட்டுப் போட்டுக்கொள்கிறவனை எந்த ஊரில் டிஜே என்பார்கள்? மனுஷர்கள் கேட்க வேண்டும். ஒரே ஒரு நாள் கேட்டால் போதும் என்று அவன் ஏங்கினான்.

குடோன் அவன் அப்பா அய்யாதுரையுடையது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, தி.நகர் ரங்கநாதன் தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கும் மனிதர். பேச்சில் இன்னும் ஊர் மாறவில்லை. மகனின் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் ஆடி முதல் தேதி, தள்ளுபடி விற்பனை தொடங்குகிற காலையில், வழக்கமாக மைக்கில் கூவுகிறவருக்குத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆடி மாசத்தில் கூவாத கடைக்குள் எவன் வருவான்? அய்யாதுரை கடை முழுக்க ஆள் தேடிவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் மகனிடம் வந்து நின்றார்.

"ஏலே, மைக்கப் பிடிக்கியா?"

"பிடிக்கிறேன். ஆனா பாட்டு என் பாட்டுதான்பா."

அய்யாதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பேரம் பேசியே தலை நரைத்தவரிடமே பேரமா!

"சரிலே. இன்னைக்கு ஒரு நாளு. ஆனா ஒரு வாடிக்கக்காரவிய மொகத்தச் சுளிச்சாலும் அந்தப் பொட்டிய எல்லாம் வித்துட்டு, நாளைலேர்ந்து கல்லாவுல வந்து உக்காரணும். சம்மதமா?"

ஜவஹர் ஒரு கணம் தன் பெட்டிகளை நினைத்துப் பார்த்தான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டான். மூன்று மாடியிலும் ஸ்பீக்கர், உள்ளே ஆயிரம் ஜனம். இதைவிட்டால் அவனுக்கு யார் தரப்போகிறார்கள்!

முதல் மாடிப் படிக்கட்டுக்குக் கீழே மேஜையைப் போட்டு, பெட்டிகளை அடுக்கி, முதல் கேசட்டை ஓட்டினான். பேஸ் எழுந்ததும் கண்ணாடி அலமாரிகள் லேசாக அதிர்ந்தன. பாடகர் ரெண்டு வரி பாடினார். பிறகு டப்பின் வழக்கப்படி குரல் சட்டென்று மறைந்து, டிரம்மும் பேஸும் மட்டும் மிஞ்சின.

கல்லாவிலிருந்து அய்யாதுரை பாய்ந்து வந்தார். "வயரு போச்சுலே! பாடுதவன் சத்தத்தையே காணலியே!"

பட்டுப் பிரிவில் இருபது வருஷமாக நிற்கும் சின்னப்பையன் என்ற சேல்ஸ்மேன் அதற்குள் ஓடிவந்து வயரைப் பிடித்து உலுக்க ஆரம்பித்திருந்தான். அவன் உலுக்கிய நேரம் பார்த்துக் குரல் திரும்பி வந்தது.

"வந்துச்சு மொதலாளி! லூஸ் கனெக்‌ஷன்தான். நான் புடிச்சினே நிக்கிறேன்" என்றான் பெருமையாக.

"அண்ணே, விடுங்க. பாட்டே அப்படித்தான். இது டப்" என்றான் ஜவஹர்.

"டப்பிங்கா? அத்த மொதல்லியே சொல்றதில்ல!"

கோடம்பாக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது சின்னப்பையனுக்கு வேறு என்ன தோன்றும்? சற்று நேரத்தில் ரெண்டு பெண்கள், "இது எந்தப் படத்துப் பாட்டுங்க?" என்று அவனிடம் கேட்டார்கள். சின்னப்பையன் கொஞ்சமும் தயங்காமல், "டப்பிங் படம்மா, இன்னும் ரிலீஸ் ஆவல" என்று சொல்லிவிட்டுப் புடவையை விரித்தான். ஜவஹர் அடுத்த கேசட்டை எடுத்தான். வேலை கெடாமல் போனால் சரி.

வினை மயிலாப்பூரிலிருந்து வந்தது. அபயாம்பாள் மாமி பெண்ணின் கல்யாண ஜவுளிக்கு வந்திருந்தார். வீட்டில் பாட்டு வகுப்பு எடுப்பவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவர் கை தன்னால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. போட்ட கை நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. முகம் சுருங்கியது. விரித்த புடவையைப் பார்க்காமல் விடுவிடுவென்று ஜவஹரின் மேஜைக்கு வந்தார்.

"ஏண்டாப்பா, இந்தப் பாட்டுல சமம் எங்க இருக்கு? நானும் கேட்டுண்டே இருக்கேன், மொதத் தட்டுல ஒண்ணுமே விழமாட்டேங்கறதே!"

அவர் கேட்டது நியாயம்தான். ரெகேயில் பல பாட்டுக்கு முதல் தட்டு காலியாகத்தான் இருக்கும், டிரம் பின்னால் தள்ளி விழும். ஆனால் அதை விளக்க அப்போது நேரமில்லை. மாமியின் சுளித்த முகத்தை அய்யாதுரை பார்த்துவிட்டார். கல்யாண ஜவுளி எடுக்க வந்த வாடிக்கை! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்குகிற முகத்தோடு அவர் வருவது தெரிந்தது.

போச்சு. எல்லாம் போச்சு. கூவ வேண்டியதைக்கூட இன்னும் கூவவில்லை என்பது ஜவஹருக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாக மைக்கை எடுத்தான். பதற்றத்தில் எக்கோ பெட்டியின் குமிழில் கை பட்டு அது முழுசாகத் திரும்பியதை அவன் கவனிக்கவில்லை.

"வாங்கம்மா வாங்க! மூணு மாடியிலும் ஆடித் தள்ளுபடி!"

படி... படி... படி... படி... என்று எக்கோ மூன்று மாடியிலும் ஓடியது. அதுவும் வெறுமனே ஓடவில்லை. பேஸோடு ஒட்டிக்கொண்டு, தாளம் பிசகாமல் ஓடியது.

ரெண்டாவது மாடியிலிருந்து ஒரு தாயின் குரல் கேட்டது. "பாத்தியாடா? கடைகூட உன்னப் படிக்கச் சொல்லுது!"

குபீரென்று மாடி முழுக்கச் சிரிப்பு. கூட வந்த பிள்ளைகள் "படி படி படி" என்று கத்திக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்க ஆரம்பித்தார்கள். அபயாம்பாள் மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையை உயர்த்தினார். தொடையில் தட்டாமல் முதல் தட்டை மனசுக்குள் விட்டு, அடுத்ததைப் பிடித்துக்கொண்டார்.

"அட, மொதத் தட்டை விழுங்கிட்டு வரான்! படு கெட்டிக்காரனா இருக்கானே!" என்றவர் பக்கத்தில் வந்து நின்ற அய்யாதுரையிடம், "இத நிறுத்திடாதீங்கோ. நான் இன்னும் புடவையே பாக்கலை" என்றார்.

அய்யாதுரையின் கை பிளக்குக்குப் போகாமல் பாதியில் நின்றது. அதே கையால் மாமிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? ஜவஹருக்கு ருசி பிடித்துவிட்டது. குரல் மறைகிற இடம் பார்த்து "சுங்குடி" என்பான். டிரம் விழுகிற இடம் பார்த்து "தள்ளு" என்று சொல்லி நிறுத்திவிடுவான். கடை முழுக்கப் பிள்ளைகள் "படி" என்று முடித்துக் கொடுப்பார்கள். ஜமைக்காவில் பாட்டின் மேல் இப்படிப் பேசுகிறவர்களைத்தான் டிஜே என்பார்கள் என்று கப்பல்கார அண்ணன் சொல்லியிருந்தான். அன்று மதியத்துக்குள் ஜவஹருக்கு அது புரிந்துவிட்டது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, சாப்பாட்டு ஞாபகமே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவன் பட்டதே கிடையாது.

அய்யாதுரை கல்லாவில் உட்கார்ந்து ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகப் பாட்டுப் போட்டால் ஆடிக் கூட்டம் ஒரு மாடி பார்த்துவிட்டுத் தள்ளுமுள்ளாக வெளியே போய்விடும். இன்றைக்கு யாருக்கும் அவசரமே இல்லை. ஒரு புடவையைத் தடவிப் பார்த்து, அடுத்ததைத் தடவி, நின்று, பேசி, மேல் மாடிக்கும் போனார்கள். சின்னப்பையன்கூட தாளத்துக்குத்தான் புடவையை உதறினான். அய்யாதுரை காபி வாங்கிவரச் சொல்லி, தானே கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் அம்மாவின் பைகளைத் தூக்கிக்கொண்டு ராகேஷ் படி இறங்கி வந்தான். மேஜைக்குப் பின்னால் ஜவஹரைக் கண்டதும் வாயைப் பிளந்தான்.

"டேய், நீயா இது? எங்கம்மா மூணு மாடியும் ஏறி எறங்கிட்டாங்கடா, கெளம்பவே மாட்டேங்கறாங்க! மச்சி, இந்த ஞாயித்துக்கிழமையே அடையாறு வந்துடு. ஒரு மணி நேரம் தரேன்."

ஜவஹர் அப்பாவைப் பார்த்தான். அய்யாதுரை கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"ஆடி மாசம் இவன விட முடியாது தம்பி. கடை நிக்கதே இவன வச்சித்தான். ஆவணி பொறக்கட்டும், நானே அனுப்பி வைக்கேன்."

ஜவஹரைப் பற்றி அப்பா வெளியாளிடம் இப்படிச் சொல்லி அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. ராகேஷ் தலையைச் சொறிந்தான்.

"வரட்டும் அங்கிள். ஆனா பசங்க ஆடணுமே, அதான் கொஞ்சம் யோசனையா கீது."

"ஆடலேன்னா ஆடலே" என்றார் அய்யாதுரை, மகனின் தோளில் கையை வைத்து. "அவசரப்பட்டு வேற பாட்டு கேக்காதிய. கொஞ்ச நேரம் நிக்க விடுங்க. நின்னுட்டான்னு வையிங்க, அப்புறம் எவனும் போவ மாட்டான்."