உளி இறங்கிய சேஸி

முன்சக்கரத்தை இணைக்கும் பால் ஜாயிண்ட் என்கிற மூட்டு துருவேறிப் பிடித்துக்கொண்டால் ஏர் ஹேமர்தான் வைத்தியம். காற்றுக் குழாயை மாட்டி, நுனி இரண்டாகப் பிரிந்த உளியைச் செருகி விசையை அழுத்தினால் தடதடவென்று அதிர்ந்து கழன்று விழும். இந்தத் துலூத் பனி கொட்டும் ஊர்; குளிர்காலம் முழுக்கப் பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அது வண்டியின் இரும்பை அரித்துவிடும். இங்கே மெக்கானிக்காகப் பிழைப்பவனுக்கு ஏர் ஹேமர் இல்லாமல் கை ஓடாது.

அன்று காலை என் முதலாளி ஹார்லன் ஏலத்தில் எடுத்த பிக்கப் வண்டி லிஃப்டில் நின்றது. மதியம் வாங்குபவன் வருகிறான். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. நான் ஜாயிண்டை அடிக்க, அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் வண்டியையே தாங்கும் சட்டமான சேஸியிலிருந்து பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சந்தேகப்பட்டு அங்கே உளியை வைத்து லேசாகத்தான் தட்டினேன். உள்ளே போய்விட்டது. இரும்பே இல்லை, துருவுக்கு வர்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஹார்லனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கங்கெட்டவன், ஓட்டையின் மேல் டேப்பை ஒட்டி ஸ்ப்ரே அடிக்கத் தொடங்கினான். ஓடும்போது சேஸி முறிந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று கத்தினேன்.

"இந்த ஊர்ல துரு இல்லாத வண்டி எதுடா வெர்ன்? ஜாயிண்டப் போட்டு இறக்கு. மத்தது உன் வேலை இல்ல" என்றான்.

அதற்குள் வாங்குபவனே வந்துவிட்டான். கோல்பி என்ற இளவயசுப் பையன், கக்கத்தில் வண்டியில் மாட்டும் பச்சைக் குழந்தைக்கான புது இருக்கை. அது வண்டியில் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் கொடுப்பார்களாம். பிள்ளை பெற்ற மனைவி அங்கே கிளம்பிக் காத்திருக்கிறாள். ஹார்லன் பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். நான் நேரே ஓட்டையைக் காட்டி, இது பிள்ளையை ஏற்றுகிற வண்டி இல்லை என்றேன்.

அவன் ஹார்லனை முறைக்கவில்லை, என்னை முறைத்தான்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? இத வெச்சு இடிச்சா எந்த இரும்புதான் தாங்கும்? நீங்கதான் ஓட்டை போட்டீங்க."

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன்" என்றான் ஹார்லன்.

நல்லதுக்குக் காலமில்லை. ஆத்திரத்தில் ஹேமரை அந்தப் பையன் கையிலேயே திணித்தேன். அது என் சொந்தக் கருவி; இந்தத் தொழிலில் அவனவன் கருவியை அவனவன்தான் வாங்கி வருவான், ஹார்லன் பிடுங்க முடியாது. முதலில் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டில் அடிக்கச் சொன்னேன். இரும்பு கணீரென்றது, ஒரு கீறல்தான். பிறகு சேஸியின் மறுபக்கத்தில் அவனுக்கு இஷ்டமான இடத்தில் வைக்கச் சொன்னேன். உளி கழுத்துவரை புதைந்தது. செம்மண் போலத் துரு அவன் சட்டையில் கொட்டியது.

ஹார்லன் விடவில்லை. தானும் இப்படித் துருப்பிடித்த ஒன்றைத்தான் ஓட்டுவதாகச் சொன்னான்.

"அப்ப உன் வண்டிய உள்ள விடு. இதே உளிய வெச்சுப் பாப்போம்" என்றேன்.

அவன் கை சட்டைப்பையிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுக்கவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விடு என்று மட்டும் சொன்னான். நாளை வந்து எடுக்கிறேன், ஒரு ஸ்பானர் குறைந்தாலும் போலீஸோடு வருவேன் என்று சொல்லிக் குழாயைக் கழற்றினேன்.

கோல்பிக்கு வேறு வண்டி இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு விடுகிறேன் என்றேன். இருக்கையோடு பின்னால் வந்தான். என் வண்டியின் பின்கதவைத் திறந்து, இருக்கையை மாட்டச் சொன்னேன். அவன் அதை கதவோரத்திலேயே வைத்துவிட்டு, உருகிய பனிச் சேற்றில் முட்டி போட்டு, வண்டிக்கு அடியில் தலையை விட்டான். வீட்டுச் சாவியால் சேஸியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

அன்று எல்லார் மேலும் கோபம் வந்த எனக்கு அவன் மேல் வரவில்லை.

"அந்தப் பக்கமும் பாத்துடு" என்றேன்.