கிண்ணத்தில் மிஞ்சியது

திருவிருந்துக் கிண்ணம் அவளுக்கு நேரே வந்தபோது, விளிம்பில் முன்னால் வாங்கிய ஆளின் மீசை பட்ட ஈரம் அப்படியே இருந்தது. போதகர் துடைத்தார்தான். ஆனால் அந்தத் துணியே அத்தனை வாயையும் துடைத்துச் சொதசொதவென்று கிடந்தது.

தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள். உதடெல்லாம் புண் வெடித்த அந்தப் பழைய லாரி டிரைவருக்குப் பின்னால் கிண்ணத்தை வாங்க யாருக்கும் மனசு வராது. "அவருக்கு முன்னாடி பூந்துடு புள்ள, இல்ல வெறும் வயித்துல வாந்தி எடுப்ப" என்று சித்திகூட வாசலிலேயே கிசுகிசுத்திருந்தாள். முழங்காலிட்ட முதல் வரிசையில் அவர் வலது கோடி; அவருக்கு முன்னால் வாங்க இடமில்லை. கிண்ணம் எப்போதும் இடப்பக்கமிருந்துதானே கிளம்பும், நடுவில் ஒரு வரிசை வாய் போய்விடும் என்று இவள் அடுத்த வரிசையில் அதே வலது கோடியைப் பிடித்தாள். போதகருக்கு மூட்டுவலி. முதல் வரிசையை முடித்தவர் மறுபடி இடது கோடிவரை நடக்க முடியாமல், நின்ற வலது கோடியிலிருந்தே கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கு இது முதல் திருவிருந்து. "ஆண்டவர்கிட்ட நெருங்க நெருங்க சந்தோஷம் ஊத்து மாதிரி வரும், வத்தவே வத்தாது" என்று வகுப்பில் போதகர் சொன்னதை நம்பி, அந்தச் சந்தோஷத்துக்காகவே ஏங்கிக் கிடந்தவள். வந்ததென்னவோ குமட்டல். உதட்டை இறுக மூடிக்கொண்டு, கிண்ணம் சாய்ந்தபோது தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கினாள். ஆண்டவரையே ஏமாற்றியாகிவிட்டது. தகுதியில்லாமல் வாங்குகிறவன் தண்டனையைத்தான் வாங்குகிறான் என்றும் அதே வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வாங்குவதுபோல் நடித்தவளுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து, பக்கத்து அறையில் அப்பா பாத்திரம் கழுவ நின்றார். மணியடிப்பது, பெருக்குவது, கழுவுவது எல்லாம் அவர் வேலை. திருவிருந்தில் மிஞ்சின திராட்சரசத்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. யாராவது குடித்தே தீர வேண்டும். கிண்ணத்தின் அடியில் ஊறிப்போன அப்பத் துணுக்குகள் சளிமாதிரி மிதந்தன. மேலே எண்ணெய்ப் பிசுக்கு, யார் உதட்டுச் சாயமோ. அப்பா ஒரு மிடறு குடித்தார். அவர் முகம் மலர்ந்தது. வீட்டில் ஒருநாளும் அவள் பார்த்திராத மலர்ச்சி. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

"ச்சீ! எப்படிப்பா குடிக்கிறீங்க? கொமட்டலையா?"

"கொமட்டும்டி. வாரா வாரம் கொமட்டும்."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"நானா? சிரிச்சேனா?" மீசையில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. "நான் குடிக்கலப்பா. வாய மூடிக்கிட்டேன். பயமா இருக்குப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். திட்டவில்லை. கிண்ணத்தைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வாய் இருக்கு. வேணாம்னா சொல்லு, நானே முடிச்சுடுறேன். குழாயில தண்ணி நிக்கறதுக்குள்ள கழுவணும்."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். புளித்த வாடை நெற்றிவரை ஏறியது. கருஞ்சிவப்பில் அவள் மூக்கு தெரிந்தது, அதைச் சுற்றி ஒரு துணுக்கு மெல்லச் சுழன்றது. வயிறு புரண்டுகொண்டேதான் இருந்தது. கிண்ணம் வாயருகே வந்தபோது உதடு திறந்திருந்தது; அதுவரை அடக்கியிருந்த மூச்சு பட்டு அந்த ஒரு வாய் ரசம் சிலிர்த்து அலையடித்தது.