பலகைக்கடியில் இருந்த கயிறு

"கயித்தை எடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது, அந்தப் படகுல இருக்கிறது என் தங்கச்சி" என்று மனைவி கத்த, "நம்ம இன்ஜின் ரெண்டு படகை இழுக்காதுடி, நாமளும் போய்ப் பாலத்துத் தூண்ல மோதணுமா" என்று இவரும் கத்த, இன்ஜின் என்னவோ எதையும் இழுக்கத் தயாராகத்தான் குடுகுடுத்துக்கொண்டிருந்தது... போன வாரம்தானே தெருமுனையில் நின்று, என் கப்பல் நினைத்தால் ஒரு வீட்டையே இழுக்கும் என்று அளந்தார், இப்படி அளந்தளந்துதானே கப்பல்காரர் என்று பெயர் வாங்கினார், இப்போது எப்படி அது இளைத்துப்போனது? அங்கே சகலையின் படகு இன்ஜின் செத்து, பக்கவாட்டில் திரும்பி, ஆறு தள்ளுகிற பக்கமெல்லாம் போகிறது, சகலை துடுப்பால் தண்ணீரைத் தடவிக்கொண்டிருக்கிறார், கொழுந்தியாள் கையை ஆட்டுகிறாள், பயத்திலா, அக்காவைப் பார்த்துவிட்ட தைரியத்திலா... கரையில் கட்டுகிற துண்டுக் கயிறு எட்டாது, நீளக் கயிறு ஒன்றே ஒன்று, அது கப்பல்காரர் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியில், சாக்குக்குள் கிடக்கிறது, அதுவும் சகலையுடையது.

திருட்டா அது? சேச்சே, போன மழைக்காலத்தில் புயல் என்றார்கள், சகலை ஊரில் இல்லை, அவருடைய படகுக் கொட்டகை திறந்திருந்தது, கப்பலைக் கட்ட எடுத்தார், சொந்தத்துக்குள் இதெல்லாம்... சகலை திரும்பி வந்த அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, என் கயித்தைப் பார்த்தீங்களாண்ணே என்று சும்மாத்தான் கேட்டார், ஆமாம் என்று சொல்ல வந்தவர், வாயில் சாப்பாடு இருந்ததாலோ என்னவோ, இல்லையே என்றுவிட்டார். சொன்னதோடு விட்டாரா, கொட்டகைக்கு யார் வந்துபோறாங்கன்னு யோசிங்க என்று புத்தி வேறு சொன்னார். வந்துபோகிறவன் மெக்கானிக் ஒருவன்தான், அவனைச் சகலை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார், அப்புறம் தாமதமாகிவிட்டது, அப்புறம் ரொம்பத் தாமதமாகிவிட்டது... அவன் இருந்திருந்தால் அந்த இன்ஜின் இன்று இப்படி நின்றிருக்குமா, சே, இந்த நினைப்பு இப்போதா வர வேண்டும். இது வேறு கயிறு என்று சாதிக்கவும் வழியில்லை, சகலை இடதுகைக்காரர், நுனி பிரியாமலிருக்க நூல் சுற்றினால் ஊரெல்லாம் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றுவார், அதுவும் பச்சை நூல். நுனியை வெட்டிவிடலாமென்று கத்தியோடு உட்கார்ந்தும் பார்த்தார், வெட்டினால் திருட்டாகிவிடுமே என்று விட்டுவிட்டார், அவ்வளவு யோக்கியர்.

தூண் நெருங்குகிறது... கரைக்குப் போய் வேறு படகை அனுப்பலாமா, அதற்குள்... அந்தத் தூணே காரியத்தை முடித்துவிட்டால் கயிற்றைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்று மனசு ஒரு கணம் ஓடியது, ஓடிய இடத்தைப் பார்த்து அவரே திடுக்கிட்டார், இதுவா நான், ஒரு கயிற்றுக்கா... எழுந்தார், பலகையைத் தூக்கினார், சாக்கை உதறினார். பச்சை நுனியைப் பார்த்ததும் அதுவரை ஓயாத மனைவியின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. அப்படி நின்றதற்குப் பதில் அவள் அடித்திருக்கலாம். வீசினார். சகலை இடதுகையால் பிடித்தார், நுனியைப் பார்த்தார், அவர் பார்த்ததை இவர் பார்த்தாரே, அது போதாதா... குனிந்து தன் படகில் கட்டினார். கரை வரும்வரை கப்பல்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, முதுகு மட்டும் எரிந்தது. இறங்கியதும் சகலை ஈரக் கயிற்றை அழகாகச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோங்கண்ணே, நல்ல கயிறு." நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பார்.

மெக்கானிக் வேறு ஊருக்குப் போய்ச் சொந்தமாகப் பட்டறை போட்டான், அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம், இரண்டு வீட்டுக்கும் அழைப்பு வந்தது. சகலை போனார், கொழுந்தியாள் போனாள், மனைவியும் அவர்களோடு கிளம்பிவிட்டாள், கப்பல்காரருக்கு மட்டும் அன்று பார்த்துக் கப்பலில் வேலை. திரும்பி வந்தவள், பொண்ணு லட்சணமா இருக்கா, மாப்பிள்ளை உங்களை ரொம்ப விசாரிச்சாரு என்று சொல்லிவிட்டுச் சேலை மடிக்கப் போய்விட்டாள். என்னவென்று விசாரித்தான்... சகலை பக்கத்தில் இருந்தாரா, இவள் என்ன பதில் சொன்னாள்? கேட்டுவிடலாம், எழுந்துகூட நின்றார், வார்த்தைதான் வரவில்லை. இந்தத் தடவை வாயில் சாப்பாடும் இல்லை.