தெரிவித்த தேதி

என் மாமனாருக்கு வாய் மூடாது. பல் டாக்டருக்கு வாய்த்த மாமனாருக்கு அது நல்ல குணம்தான். ஆனால் அவர் வாயைத் திறந்து காட்டுவது என்னிடம் மட்டுமல்ல. அவருடைய தையல் கடைக்கு யார் வந்தாலும், அளவெடுத்து நோட்டில் எழுதி முடித்ததும், விரலால் வலது கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லைக் காட்டுவார்.

"பாத்தீங்களா? என் மருமக வைத்தியம் பண்ணினது. ஏழு வருஷம் ஆச்சு. ஒரு நாள் வலிச்சதில்ல."

கால்சட்டை நீளத்தைக் குறைக்க வந்தவர் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அந்தப் பல்லுக்குள் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் ஊசி நுனி கிடக்கிறது. உடைத்தது நான். அதை அவரிடம் சொல்லாமல் விட்டதும் நான்.

இதற்கு என்னிடம் சப்பைக்கட்டு எதுவும் கிடையாது. கல்யாணமாகி நாலு மாதம், கிளினிக்கில் சேர்ந்து ஒன்பது மாதம். மாமனார் பல்வலி என்று வந்து உட்கார்ந்தார். வேர் சிகிச்சை செய்ய வேண்டும். பல்லில் துளை போட்டு, வேருக்குள் கெட்டுப்போன நரம்பை மெல்லிய ஊசிகளால் சுரண்டி எடுத்து, கழுவி, அடைத்து மூடும் வேலை. கடைவாய்ப் பல்லின் வேரில் உள்ள குழாய் ஒரு முடி நுழையும் அளவுதான் இருக்கும். மாமனாருடையது நுனியில் கொக்கி மாதிரி வளைந்து வேறு இருந்தது. நான் ஊசியைக் கொஞ்சம் அவசரமாகத் திருப்பினேன். விரலில் ஏதோ துடித்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் நுனியைக் காணோம்.

இந்தத் தொழிலில் யாருக்கும் என்றாவது ஒரு நாள் நடப்பதுதான் இது. எடுக்க முடிந்தால் எடுக்கலாம். முடியாவிட்டால் அங்கேயே விட்டு, மேலே சுத்தம் செய்து அடைத்து, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பல நேரம் பல் அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும். ஆனால் நோயாளியிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

மாமனார் வாய் கொப்பளித்துவிட்டு, "முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"முடிஞ்சுது மாமா" என்றேன்.

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அவர் எதிர்வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துக் கன்னத்தை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு சொல்ல வாய் வரவில்லை.

சொல்லவில்லையே தவிர, அந்தப் பல்லை நான் விடவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஏதாவது சாக்கு சொல்லி அவரைக் கிளினிக்குக்கு வரவழைத்து எக்ஸ்ரே எடுப்பேன். "புது மெஷின் வந்திருக்கு மாமா, சும்மா பாக்கலாம்." "உங்க வயசுக்கு வருஷா வருஷம் பாக்கணும் மாமா." அவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்து வாயைத் திறப்பார். அடைத்த மருந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதன் நுனியில் அதைவிட அழுத்தமான வெள்ளையாக ஒரு சின்னக் கீறல். சுற்றியிருந்த எலும்பு ஒவ்வொரு வருஷமும் நன்றாகவே இருந்தது. எனக்கு அடுத்த வருஷம் வரை மூச்சு வரும்.

அந்த மூன்று மில்லிமீட்டர்தான் என்னை வேர் சிகிச்சையின் பக்கம் பிடித்துத் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஒன்று விடாமல் போனேன். பிடுங்கிய பற்களை வாங்கி வந்து, வளைந்த வேர்களாகப் பொறுக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பழகினேன். நாளடைவில் கிளினிக்கில் கோணல்மாணலான வேர் எது வந்தாலும் என்னிடம் அனுப்பத் தொடங்கினார்கள். உதவியாளர் அக்கா எனக்குக் 'கொக்கி டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டார். பயத்தில் தொடங்கியது எப்போது ஆசையாக மாறியது என்று தெரியவில்லை. வேர் சிகிச்சையிலேயே மேற்படிப்பு படிக்க வேண்டும், அதை மட்டுமே செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்தப் படிப்புக்கு மொத்தமே நாலு இடம். இரண்டு தடவை விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் என்னுடைய அழகான சிகிச்சைகளாகப் பார்த்து அனுப்பி வைத்தேன். இரண்டு தடவையும் வருந்துகிறோம் என்று வந்தது. பட்டம் வாங்கி எட்டு வருஷத்துக்குள் சேர வேண்டும் என்பது விதி. எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

இந்த வருஷம் படிவத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தார்கள். 'உங்கள் கையால் தவறு நேர்ந்த ஒரு சிகிச்சையை விவரிக்கவும். குறைந்தது ஐந்து வருட எக்ஸ்ரே படங்களை இணைக்கவும்.' அதற்குக் கீழே நோயாளியின் சம்மதக் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு சின்னக் கட்டம்: 'நோயாளிக்குத் தெரிவித்த தேதி.' கடைசியில், நோயாளி தன் கையால் எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டிய ஒரு தனித்தாள்.

வருஷம் தவறாமல் படம் எடுத்த பல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"அப்பா பல்லா? தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம காட்டி வச்சிருக்காரே, அந்தப் பல்லா?"

"அதேதான்."

"உனக்கு உடைக்க வேற யார் பல்லும் கிடைக்கலையா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்பாகிட்ட நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம். உடைச்சது நான்."

மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். மாமனார் ஒரு கோட்டுக் கைக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்தேன். படிவமும் எக்ஸ்ரேக்களும் மடியில் இருந்தன. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பல்லுக்குள்ள..."

"ஊசி" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தையல் முடிந்த இடத்தில் நிறுத்தி, நூலை வெட்டினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பது வருஷமா மெஷின் மிதிக்கிறேன். ஊசி உடையற சத்தம் எனக்குத் தெரியாதா? அதுவும் என் தாடைக்குள்ளயே உடைஞ்சா? டிக்குனு கேட்டுது. உன் கை அப்படியே நின்னுது. என் மூஞ்சிக்கு மேலதான் உன் மூஞ்சி இருந்துது. அஞ்சு நிமிஷம் நீ மூச்சே விடல."

"அப்பவே ஏன் மாமா கேக்கல?"

"நல்லா இருக்கே. டாக்டர் நீயா நானா?"

அவர் கோட்டை மடித்து ஓரமாக வைத்தார்.

"மொதல்ல கோவமாத்தான் இருந்துது. ஒவ்வொரு வருஷமும் எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிடுவ. இன்னிக்குச் சொல்லிடுவா, இன்னிக்குச் சொல்லிடுவான்னு நல்ல சட்டையாப் பாத்து மாட்டிட்டு வருவேன். நீ 'எல்லாம் நல்லா இருக்கு மாமா'ன்னு அனுப்பிடுவ."

கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த இஸ்திரிச் சட்டையை நான் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் எதுக்கு மாமா போறவர் வரவருக்கெல்லாம் காட்டறீங்க?"

"வலிக்கல, காட்டறேன். அதுல என்ன பொய்?" அவர் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது. "அதோட, நீ இருக்கறப்ப காட்டினா உன் மூஞ்சி போற போக்கு இருக்கே. அதுக்காகவே ரெண்டு தரம் கூடுதலாக் காட்டுவேன்."

ஏழு வருஷம். ஏழு வருஷமாக இந்த மனிதர் என்னைத் திட்டம் போட்டு வறுத்தெடுத்திருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என் மடியைப் பார்த்தார். "சரி, இன்னிக்கு ஏன் சொல்ற?"

"மேற்படிப்புக்கு. இதுல உங்க கையெழுத்து வேணும்."

"இது வரலேன்னா சொல்லியிருப்பியா?"

'கண்டிப்பா மாமா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியல மாமா."

அவர் சாக்குக் கட்டியை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பதில் அவருக்கு வலித்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு மருந்து என்னிடம் இல்லை. பிறகு கையை நீட்டிப் படிவத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார்.

"தெரிவித்த தேதின்னு இருக்கே. இன்னிக்குத் தேதி போட்டா என்ன ஆகும்?"

"ஏழு வருஷம் மறைச்சவளுக்கு இடம் எதுக்குன்னு தள்ளிடலாம்."

"அப்ப அன்னிக்குத் தேதியப் போடு. எனக்கு அன்னிக்கே தெரியும்ல? பொய் இல்லையே."

யோசிக்காமல் இல்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவரே போடச் சொல்கிறார், கேட்பாரில்லை. கடைசி வருஷம் வேறு. பேனா முனை அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கல மாமா. நான் எப்பச் சொன்னேன்னு கேக்கறாங்க" என்று சொல்லி, அன்றைய தேதியை எழுதினேன். எழுதியபிறகு ஒரு பக்கம் நிம்மதியாகவும், ஒரு பக்கம் இடம் போயே போய்விட்டது போலவும் இருந்தது.

மாமனார் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தத் தனித்தாளை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தபோது முழங்கையால் மறைத்தார். உறையில் போட்டவர், ஒட்டும் இடத்தை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பசையெல்லாம் நம்ப முடியாது" என்று சொல்லி, உறையை மெஷினில் வைத்து வாய்ப் பக்கம் முழுக்க நெருக்கமாக ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை அந்த உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். தையல் அப்படியே இருந்தது.

"இதைப் பிரிக்க எங்க ஆபீஸ்ல யாருக்கும் மனசு வரல" என்று சொல்லிக் கத்தரியை எடுத்தார். "அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. சிகிச்சை நடந்து ஏழு வருஷம் கழிச்சுத் தேதி போட்டிருக்கீங்க. ஏன்?"

"பயம் மேடம்."

"நோயாளி உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமனார்."

பக்கத்தில் இருந்தவர் இருமுவது போல் சிரித்தார். பேராசிரியை தையலை வெட்டித் தாளை விரித்து, முதலில் தனக்குள் படித்தார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"'ஊசி உடைந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்வாள் என்று ஏழு வருடம் காத்திருந்தேன். இன்று சொல்லிவிட்டாள். இந்தப் பாரம் இல்லாவிட்டால் சொல்லியிருப்பாயா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதையும் மறைக்காததால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பல்லில் வலி இல்லை. என்றைக்காவது இந்தப் பல்லைத் திறக்க வேண்டி வந்தால் இவள்தான் திறக்க வேண்டும், வேறு ஒருவரையும் தொட விடமாட்டேன். ஆகவே அதற்குத் தேவையானதை இவளுக்குக் கற்றுக்கொடுக்கவும்.'"

பாரம் என்று அவர் படிவத்தைத்தான் எழுதியிருந்தார். எனக்கு வேறு மாதிரி கேட்டது. கைக்குட்டையைத் தேடினேன்.

பேராசிரியை நான் முகத்தைத் துடைக்கும் வரை காத்திருந்தார். கடைசி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப உங்களுக்கு எடுக்கத் தெரிஞ்சிருந்தா எடுப்பீங்களா?"

"மாட்டேன் மேடம். எலும்பு நல்லா இருக்கு, வலி இல்ல. எடுக்கப் போய் வேரைக் கெடுத்துக்க வேண்டாம். வலி வந்தா திறப்பேன்."

"அது வரைக்கும்?"

"வருஷா வருஷம் பாப்பேன். என்ன பாத்தேன்னு அவர்கிட்ட சொல்லுவேன்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நாலு பேரில் மூன்றாவதாக என் பெயர். கணவர் வாசித்துவிட்டு என்னைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் கடிதத்தோடு நேராகக் கடைக்கு ஓடினேன்.

கடையில் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வலது கன்னத்தை இழுத்துப் பிடித்தார்.

"பாத்தீங்களா? என் மருமக வைத்தியம் பண்ணினது. ஏழு வருஷம் ஆச்சு. உள்ள ஒரு ஊசிகூட இருக்கு, மூணு மில்லிமீட்டர்."

அந்த மனிதர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். "நான்தான் உடைச்சேன்."

மாமனார் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அவருடைய தோள் அளவை மறுபடி எடுக்கத் தொடங்கினார்.